பாலியில் எந்தக் கடற்கரைக்குப் போகலாம்? ஆடி அமாவாசைப் பயணத்தில் எங்களுக்குத் தெரிய வந்தது

 

பாலித் தீவுக்குப் போய்ட்டு வந்ததிலிருந்து வெள்ளிக்கிழமை பூஜைக்கு வர்ற பலரும் எங்களிடம் ஒரே கேள்வியைத்தான் கேக்கறாங்க. "பாலியில எந்தக் கடற்கரைக்குப் போனீங்க? எது நல்லாருக்கும்?" செருப்பு வைக்கிற இடத்துல நின்னுக்கிட்டு ஒவ்வொருத்தருக்கும் பதில் சொல்ல முடியல. அதனால தொண்டூழியர் குழு சார்பா இங்கேயே எழுதிடறோம். கொஞ்சம் நீளம்தான். டீ போட்டு வெச்சுக்கிட்டுப் படிங்க.

மொத்தம் 26 பேர் போனோம். வயசுல மூத்தவங்களுக்கு 74, இளையவருக்கு 19. அஞ்சு நாள், ஒரு பஸ். பயணத்துக்கு ரெண்டு மாசம் முன்னாடி ஆலய மண்டபத்துல கூட்டம் போட்டோம். அப்போ எங்க கையில இருந்த பட்டியல் எல்லாம் போன்ல பார்த்த படத்தை வெச்சுப் போட்டது. நூசா பெனிடாவில டைனோசர் தலை மாதிரி கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு நிக்குதே, அந்தக் கெலிங்கிங் பாறை. உளுவாத்து பக்கம் பாறை இடுக்கு வழியா இறங்கிப் போற பாடாங் பாடாங். கூத்தா. செமின்யாக். பிள்ளைங்க ஆர்வமா படத்தைத் தள்ளித் தள்ளிக் காட்டினாங்க, நாங்களும் தலையாட்டினோம்.

அந்தக் கூட்டத்துல கடைசி வரிசையில மடப்பள்ளி அம்மா உட்கார்ந்திருந்தாங்க. பேர் சொல்ல வேண்டாம், நம்ம ஆலயத்துக்கு வர்ற எல்லாருக்கும் அவங்களைத் தெரியும். அவங்க கையால சர்க்கரைப் பொங்கல் சாப்பிடாதவங்க யாரு? அவங்க வீட்டுக்காரர்தான் நமக்கு மாலை கட்டித் தந்த ஐயா. மாசி மாசம் தவறிட்டார். இந்தப் பயணத்துக்கு ரெண்டு பேருக்கும் சேர்த்து முன்பணம் கட்டினவரே அவர்தான். அம்மா பேர்ல இருந்த பணத்தைத் திருப்பித் தர்றோம்னு நாங்க சொன்னோம். அம்மா வேண்டாம்னுட்டாங்க. "அவரு கட்டின காசு, நான் வரேன்" அப்படின்னாங்க.

அதுல ஒரு சிக்கல் இருந்துச்சு. அவங்க குடும்ப வழக்கப்படி வருஷம் திரும்புற வரைக்கும் கோயிலுக்குள்ள போகமாட்டாங்க. நம்ம மடப்பள்ளிக்கே அஞ்சு மாசமா வரல. கோயில் கோயிலா போற பயணத்துல அவங்க என்ன செய்வாங்கன்னு செயலவையில சிலர் கேட்டாங்க. அது நியாயமான கேள்விதான், நாங்க குறை சொல்லல. குருக்களைப் போய்க் கேட்டோம். அவர் சொன்னார், "உங்க வீட்டு வழக்கத்தை நான் மாத்தச் சொல்லல. ஆனா கடல் எல்லாருக்கும் பொதுதானே? அங்க போறதுக்கு என்ன தடை?"

அன்னைக்குக் கூட்டத்துல அம்மா எழுந்து ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. "தம்பி, இத்தனை கடல் காட்டுறீங்களே, இதுல எந்தக் கடல்ல நான் காலு வைக்க முடியும்?"

அவங்களுக்கு ரெண்டு முட்டியும் தேய்ஞ்சு போயிருக்கு. எங்களுக்குப் பதில் தெரியல. அன்னைக்கு ராத்திரியே அந்தப் பட்டியலைக் கிழிச்சுப் போட்டுட்டு மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிச்சோம். எத்தனை படி இறங்கணும், அலை எப்படி, எத்தனை மணிக்குத் தண்ணி ஏறும், உட்கார நிழல் உண்டா, கழிப்பறை கிட்ட இருக்கா. இதையெல்லாம் கேட்டுக்கிட்டே வந்தா பாதிப் பேர் தானா விழுந்துடுது. கெலிங்கிங் போச்சு. அங்க மேலேர்ந்து பாக்கறது சுலபம், மணலுக்கு இறங்குறது செங்குத்தான பாதை. போதாததுக்கு நூசா பெனிடாவுக்குப் படகுல வேற போகணும். பாடாங் பாடாங் படிக்கட்டு குறுகல், அதுவும் போச்சு. பிள்ளைங்க முகம் வாடுச்சு. வாடட்டும்னு விட்டுட்டோம்.

பாலி மணலைப் பத்தி ஒரு விஷயம் முதல்ல தெரிஞ்சுக்கணும். பாலி எரிமலைத் தீவு. குனுங் ஆகோங் 3,000 மீட்டருக்கு மேல உயரம், பக்கத்துலயே குனுங் பாத்தூர். ஆகோங் 1963ல பெரிசா வெடிச்சு ஆயிரத்துக்கு மேல ஜனங்க செத்துப் போனாங்க. மறுபடி 2017 கடைசியில புகை கக்கினப்போ விமான நிலையத்தையே மூடினாங்க, நம்ம ஆளுங்க சிலர் அங்க மாட்டிக்கிட்டது ஞாபகம் இருக்கும். அந்த மலை கக்கின கல்லையும் சாம்பலையும் ஆறு அடிச்சுக்கிட்டு வந்து கடல்ல சேர்க்குது. அதனால கிழக்கு, வடக்குப் பக்கக் கடற்கரையில மணல் கறுப்பு. தெற்கே புக்கிட்னு ஒரு மேட்டு நிலம் தொங்குது பாருங்க, அது எரிமலை இல்ல. கடலுக்கடியில இருந்த பவளச் சுண்ணாம்பு மேலே எழும்பி வந்தது. அதனால அங்க வெள்ளை மணல். பசிர் பூத்தேன்னு நாம சொல்றதை அவங்க பசிர் பூத்திஹ்ங்கறாங்க. நம்ம மலாய் தெரிஞ்சா அங்க பாதிக் கஷ்டம் இல்ல.

படத்துல வெள்ளை மணல்தான் அழகு. அதனால எல்லாரும் தெற்கே ஓடறாங்க. ஆனா பாலி மக்கள் சாமி காரியத்துக்கும் பித்ரு காரியத்துக்கும் மணல் நிறம் பாக்கறதில்ல. அவங்களுக்குத் திசையே வடக்கு தெற்கு இல்லீங்க, மலைப் பக்கம், கடல் பக்கம்தான். மலைப் பக்கத்தை காஜா, கடல் பக்கத்தை கெலோட்ங்கறாங்க. வீடு கட்டுறதும் இதை வெச்சுத்தான். நம்ம பஸ் ஓட்டுநர் பாலிக்காரர், இந்து. நாலு நாளும் அவர்தான் எங்களுக்கு வாத்தியார்.

முதல் நாள் சாயங்காலம் நடந்ததை எழுதலாமா வேண்டாமான்னு ரொம்ப யோசிச்சோம். எழுதாம விட்டா இந்தப் பதிவுக்கே அர்த்தம் இல்ல.

ஓட்டல்ல சாமானை வெச்சுட்டுக் கூத்தா கடற்கரைக்கு நடந்து போனோம். மேற்குப் பார்த்த கடற்கரை, சூரியன் மறையறது அவ்வளவு அழகு. பெரியவங்க மணல்ல துணி விரிச்சு உட்கார்ந்தாங்க. பையனுங்க தண்ணியில இறங்கினாங்க. ஜூலை, ஆகஸ்ட்ல அந்தப் பக்கம் அலை பெரிசு, அதனாலதான் சர்ஃப் விளையாடறவங்க அங்க வர்றாங்க. மணல்ல சிவப்பும் மஞ்சளும் கலந்த கொடி ரெண்டு நட்டிருந்துச்சு. அந்த ரெண்டு கொடிக்கும் நடுவுலதான் குளிக்கணும்னு அர்த்தம். வெறும் சிவப்புக் கொடின்னா இறங்கவே கூடாது. எங்களுக்கு இது தெரியாதுன்னு சொல்ல முடியாது, தெரியும். பிள்ளைங்ககிட்ட சொல்லல. வேலையிடத்துல ஒரு புது மிஷின்கிட்ட ஆளை நிறுத்தறதுக்கு முன்னால பத்து நிமிஷம் பாதுகாப்புப் பேசாம விடமாட்டோம். கடல்கிட்ட மட்டும் அப்படியே விட்டுட்டோம்.

நம்ம 19 வயசுப் பையன் கொடியைத் தாண்டி, அலையே இல்லாம அமைதியா தெரிஞ்ச ஒரு இடத்துல இறங்கினான். அங்கதான் ஆபத்து. ரெண்டு பக்கமும் அலை உடைஞ்சு நடுவுல மட்டும் தண்ணி சும்மா கிடந்தா, கரைக்கு வந்த தண்ணியெல்லாம் அந்த வழியாத்தான் உள்ளே திரும்பிப் போகுதுன்னு அர்த்தம். இடுப்பளவு தண்ணியில நின்னவன் ரெண்டு நிமிஷத்துல தலை மட்டும் தெரியற தூரத்துக்குப் போயிட்டான். கரையைப் பார்த்தே நீந்தினான், நீந்த நீந்தப் பின்னால போனான். நாங்க கத்தினோம். கத்தறதைத் தவிர வேற ஒண்ணும் வரல. கடற்கரைக் காவலர் பலகையோட பாய்ஞ்சு போய் இழுத்துக்கிட்டு வந்தார். பையன் வாந்தி எடுத்தான், நடுங்கினான், அவ்வளவுதான், கடவுள் புண்ணியம். அந்தக் காவலருக்கு நாங்க பணம் நீட்டினப்போ கையைத் தட்டிவிட்டு கொடியைத்தான் காட்டினார்.

அப்படி இழுபட்டா கரையை நோக்கி மல்லுக்கட்டக் கூடாதாம். பயப்படாம மிதந்து, கரைக்குப் பக்கவாட்டுல நீந்தி, இழுப்பு விட்ட பிறகு கரைக்குத் திரும்பணும். முடியலன்னா கையைத் தூக்கிக் காட்டிக்கிட்டு மிதக்கணும். இதை உங்க பிள்ளைங்களுக்கு இன்னைக்கே சொல்லுங்க. நம்ம ஊர்க் கடலுக்கும் இதே கணக்குத்தான்.

அன்னைக்கு ராத்திரி யாருக்கும் சாப்பாடு இறங்கல. மடப்பள்ளி அம்மாதான் பையனைப் பக்கத்துல உட்கார வெச்சு, கொண்டு வந்திருந்த ஊறுகாயைத் தொட்டுச் சோறு ஊட்டினாங்க. அவன் அம்மாவுக்குப் போன் போட்டுப் பேசினதும் அவங்கதான். அந்தப் போனை நாங்க பண்ணியிருக்கணும்.

ரெண்டாம் நாள் பாண்டவா கடற்கரை. வயசானவங்களோட போறவங்களுக்கு எங்க முதல் பரிந்துரை இதுதான். சுண்ணாம்பு மலையை வெட்டி ரோடு போட்டிருக்காங்க, பஸ் கீழே வரைக்கும் போகுது. ரோட்டோரம் மலையைக் குடைஞ்ச மாடங்கள்ல தர்மர், பீமன், அர்ச்சுனன், நகுலன், சகாதேவன், கூடவே குந்தி தேவி, எல்லாருக்கும் பெரிய பெரிய சிலை. நம்ம அக்காமார்கள் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி ஒவ்வொருத்தரையும் கும்பிட்டதுல அரை மணி நேரம் போச்சு. வெள்ளை மணல், வெளியே பவளப் பாறை அலையை உடைச்சுடறதால கரையில தண்ணி சாது. குடை, நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். வெயில்ல மணல் கண்ணைக் கூசும், கறுப்புக் கண்ணாடி எடுத்துக்குங்க. இங்க அம்மாவை இறங்கச் சொன்னோம். "பாக்கறேன் தம்பி, போதும்"னு சொல்லிட்டுக் குந்தி சிலையைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாங்க.

சாயங்காலம் உளுவாத்து. அது கடற்கரை இல்ல, சுமார் 70 மீட்டர் செங்குத்துப் பாறை மேல கோயில். குரங்கு மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கும், ஜாக்கிரதை. ஒருத்தர் கண்ணாடி போய், பழம் கொடுத்து மீட்டோம்.

தானா லோட்டுக்கு மூணாம் நாள் போனோம். கடலுக்குள்ள பாறை மேல கோயில். பதினாறாம் நூற்றாண்டுல டாங் ஹியாங் நிரார்த்தர்ங்கற குரு ஏற்படுத்தினதா சொல்றாங்க. அங்க வழிபடறது கடல் தெய்வத்தை, பாருணான்னு சொல்றாங்க, நம்ம வருணன்தான். காலையில பத்து மணிக்குப் போய் இறங்கினோம், கோயிலுக்குப் போற பாதையே காணோம், இடுப்பளவு தண்ணி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டின நாள்ல ஏத்தமும் பெரிசு, இறக்கமும் பெரிசு. தொழிற்சாலையில ஷிப்ட் போடற மாதிரி கடலுக்கும் ஷிப்ட் இருக்கு, அந்த அட்டவணையைப் பார்க்காம போனது எங்க தப்பு. வேற இடம் சுத்திட்டு நாலரை மணிக்குத் திரும்பி வந்தா, அதே இடத்துல பாறை மேல நடந்து போறாங்க. மேலே கோயிலுக்குள்ள வெளியாட்கள் போக முடியாது. பாறை அடியில உப்புக் கடலுக்கு நடுவுல ஒரு நல்ல தண்ணி ஊத்து இருக்கு. அங்க தீர்த்தம் தெளிச்சு, நெத்தியில அரிசி வெச்சு விடறாங்க. பாசி வழுக்கும், பிடிமானம் உள்ள செருப்பு போடுங்க.

எங்க ஆளுங்க தீர்த்தம் வாங்கப் போனப்போ அம்மா கரையிலேயே நின்னாங்க. ஓட்டுநர் ஏன்னு கேட்டார், சொன்னோம். அவர் தலையாட்டிட்டு, அவங்க ஊர்லயும் வீட்டுல சாவு விழுந்தா தீட்டு உண்டு, அந்த நாள்ல கோயிலுக்குள்ள போறதில்லன்னு சொன்னார். "அதுக்கு எங்க வார்த்தை செபெல்." அப்புறம் எங்ககிட்ட கேட்டார், "நாளைக்கு அமாவாசை. ஏன் கோவா லாவாவை உங்க பட்டியல்ல போடல?"

போடலதான். கறுப்பு மணல், படத்துல நல்லா இல்லன்னு தள்ளியிருந்தோம்.

நாலாம் நாள், ஆடி அமாவாசை. விடியறதுக்கு முன்னால சானூர் போனோம். கிழக்குப் பார்த்த கரை, வெளியே பவளத் திட்டு, அதனால குளம் மாதிரி தண்ணி. நீளமா சிமெண்டு நடைபாதை, சக்கர நாற்காலியும் தாராளமா போகும். சூரியன் வந்ததும் வடகிழக்கே ஆகோங் முழுசா தெரிஞ்சுது. நம்ம ஆம்பளைங்க சிலர் அங்கேயே எள்ளும் தண்ணியும் இறைச்சாங்க. சானூர்ல பெலாஞ்சோங்னு ஒரு கல்தூண் இருக்கு, கி.பி. 914ல எழுதின கல்வெட்டு. நேரம் இருந்தா பாருங்க, நமக்கு இருக்கல. பசியாறிட்டுக் கிளம்பிட்டோம்.

கிழக்கே போகப் போக மணல் கறுத்துக்கிட்டே வருது. கோவா லாவான்னா வௌவால் குகை. குகைக்கு முன்னாடி கோயில், ஆயிரக்கணக்குல வௌவால் தொங்குது. கோயிலுக்கு எதிர்ல ரோடு, ரோட்டைத் தாண்டினா கடல். பாலி மக்கள் தகனம் பண்ணிச் சாம்பலைக் கடல்ல கரைச்ச பிறகு, இன்னும் ஒரு சடங்கு செய்றாங்க. நியெகாரா குனுங்னு பேரு, செகாரான்னா கடல், குனுங்னா மலை. நம்ம சாகரம்தான் அங்க செகாரா. போன உயிரைக் கடலிலிருந்து திரும்ப அழைச்சுக்கிட்டு, ஆகோங் மலைச் சரிவுல இருக்கிற பெசாக்கி கோயிலுக்குப் போய் வணங்கி, அப்புறம் வீட்டுக் கோயில்ல முன்னோர் வரிசையில சேர்த்துடறாங்க. அதைக் கடல் பக்கம் தொடங்குறதுக்கு இந்தக் கரைக்குத்தான் நிறைய பேர் வர்றாங்களாம்.

அன்னைக்கும் வெள்ளை உடுத்தி ஒரு குடும்பம் மணல்ல வரிசையா உட்கார்ந்திருந்துச்சு. மணி சத்தம், ஊதுபத்தி, தென்னங்குருத்துத் தட்டுல பூ. அங்கங்க மணல்ல படையல் வெச்சிருப்பாங்க, மிதிச்சுடாம பார்த்து நடங்க. போட்டோ எடுக்க வேண்டாம்னு இந்த முறை எல்லாருக்கும் பஸ்லயே சொல்லிட்டோம்.

மத்தவங்க சாரோங் கட்டிக்கிட்டுக் கோயிலுக்குள்ள போனாங்க. அம்மா கடல் பக்கம் நடந்தாங்க. நாங்க ரெண்டு பேர் கூடப் போனோம், கூத்தா பையனும் தானா வந்தான். கரையிலேயே அலை உடைஞ்சுது. குளிக்கிற இடம் இல்ல, தனியா யாரையும் விடக் கூடாது. பையன் ஒரு பக்கம், நாங்க ஒரு பக்கம், கையைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டோம். மணி ஒன்பது ஆகல, அதுக்குள்ள கறுப்பு மணல் சுட ஆரம்பிச்சுடுச்சு. கறுப்பு நிறம் வெயிலை இழுக்கும், மத்தியானம் வெறுங்கால்ல நடக்கவே முடியாது.

அம்மா பையிலிருந்து ஒரு ஈரத் துணிப் பொட்டலம் எடுத்தாங்க. உள்ளே முழம் பூ. முதல் நாள் சந்தையில கம்போஜாவும் வாடாமல்லியும் வாங்கி, ராத்திரி ஓட்டல் அறையில உட்கார்ந்து அவங்களே கட்டியிருக்காங்க. "முப்பது வருஷம் பக்கத்துல உட்கார்ந்து பார்த்தேன், ஒரு நாளும் நான் கட்டினதில்ல. அவரு விடமாட்டாரு, முடிச்சு தளர்வா போடுவேம்பாரு." கட்டினது உண்மையிலேயே தளர்வாத்தான் இருந்துச்சு. தண்ணியில விட்டதும் முதல் அலையிலேயே பிரிஞ்சு பூ தனித்தனியா போச்சு. அம்மா சிரிச்சுட்டாங்க. "சொன்னாரு பாருங்க"ன்னாங்க.

ரொம்ப நேரம் நின்னோம். முட்டி வரைக்கும் கறுப்பு மணல் அப்பிக்கிச்சு. அந்த வெள்ளை உடுத்தின குடும்பத்துல ஒரு வயசான அம்மா வந்து நின்னாங்க. ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு பாஷையும் கிடையாது. எங்க மலாய்ல "சுவாமி, சுடா தியாடா"ன்னு சொன்னோம். அவங்க புரிஞ்சுக்கிட்டு, தன் தட்டுல மிச்சமிருந்த பூவுல ஒரு கை எடுத்து அம்மா கையில வெச்சாங்க. அதையும் அம்மா கடல்லயே விட்டாங்க.

அதுக்குப் பிறகு எங்கேயும் போகல. சாயங்காலம் ஜிம்பாரான் கடற்கரைன்னு பட்டியல்ல இருந்துச்சு. அங்க மணல்லயே மேசை போட்டு மீன் சுட்டுத் தர்றதுதான் விசேஷம். அமாவாசை விரதத்துல 26 பேர் மீன் வாசனை பிடிக்கவா போறதுன்னு விட்டுட்டோம்.

போகப் போறவங்களுக்கு இன்னும் சில விஷயம். வெளிநாட்டுப் பயணிகளுக்கு 2024 பிப்ரவரியிலிருந்து ஆளுக்கு 150,000 ரூப்பியா கட்டணம் உண்டு, முன்கூட்டியே கட்டிடலாம். டிசம்பரிலிருந்து மார்ச் வரை மழைக்காலம், மேற்குக் கரையில குப்பை ஒதுங்கும், அப்போ சானூர் பக்கம் பரவாயில்ல. நியெப்பி நாள்ல ஊரே அடங்கிடும், விமான நிலையமும் மூடிடும், கடற்கரைக்கு யாரும் போக முடியாது. ஆனா அதுக்குச் சில நாள் முன்னாடி மெலாஸ்தி, எல்லாக் கோயில் சாமியையும் கடலுக்குக் கொண்டு வருவாங்க. நம்ம மாசி மகத் தீர்த்தவாரி பார்த்தவங்களுக்கு அதைத் தனியா விளக்க வேண்டாம். வடக்கே லொவினாவும் கறுப்பு மணல், அமைதியான கடல், ஆனா தெற்கேயிருந்து மூணு மணி நேரம் மலைப்பாதை. முட்டி வலிக்காரங்களுக்கு பஸ்லயே பாதி உயிர் போயிடும்.

அடுத்த வருஷம் மறுபடி ஒரு பஸ் போடலாமான்னு செயலவை பேசிக்கிட்டிருக்கு. கடல் ஏத்த இறக்க அட்டவணையை எப்படிப் பார்க்கறதுன்னு தெரியணும்னா வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு மண்டபத்துல எங்களைப் பாருங்க. கூத்தா பையனும் இருப்பான், கொடிக் கணக்கை இப்ப எங்களைவிட அவன்தான் நல்லா சொல்றான். மடப்பள்ளி அம்மா மாசி கழிச்சு வர்றேன்னு சொல்லியிருக்காங்க. அதுவரைக்கும் பொங்கல் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும், பொறுத்துக்குங்க.